தோல்வி நுழையும் வழிகள்

ஒரு போட்டியில் ஒருவர் ஒரு நாள் வென்றார் என்பதைக் கொண்டு அவரது திறமையைப் பற்றி நாம் அறிந்துகொள்வது சொற்பமே. ஏனெனில் அன்றைய ஜயத்தில் அவருடைய அறிவுக்கு எவ்வளவு பங்கு, அன்று வந்த கேள்விகளின் போக்குக்கு எவ்வளவு பங்கு, எதிரே நின்றவர்களின் தடுமாற்றத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல உபாயம் எதுவும் கிடையாது. ஆனால் அதே மனிதர், நாள்தோறும் மாறிவரும் புதிய எதிரிகளோடு, ஒரே விதிகளின் கீழ், ஒரே ஒரு முறை தோற்றாலும் வெளியேறியாக வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, இருபது முறை, நாற்பது முறை, எழுபது முறை என்று வென்றுகொண்டே போவாரானால், அது ஆராய்ச்சிக்கு உகந்த ஒரு சோதனையின் பலனாகிவிடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் நெடுங்காலமாக நடந்துவரும் 'ஜெபர்டி' என்னும் வினாவிடைப் போட்டி, அதைத் தொடங்கியவர்களின் உத்தேசம் வேறாயிருந்தபோதிலும், இப்படிப்பட்ட ஒரு சோதனைச்சாலையாக அமைந்துவிட்டது. அங்கே நிகழ்ந்த நீண்ட வெற்றித் தொடர்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர், வெற்றியின் மேலிருந்து கண்ணை எடுத்து, தோல்வி எந்தெந்த வழியாக உள்ளே வரக்கூடும் என்று எண்ணிப் பார்க்கப் பழக வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மெர்வ் கிரிஃபின் படைத்த இப்போட்டி 1964-இல் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஆரம்பமாயிற்று. இடையில் நின்றுபோய், 1984-இல் அலெக்ஸ் டிரெபெக்கைத் தலைமையாகக் கொண்டு புத்துயிர் பெற்றது. அவர் 2020 நவம்பரில் காலமாகும் வரை அந்த இடத்தில் இருந்தார். ஆட்டத்தில் மூவர் நிற்பர். அவர்களில் ஒருவர் முந்தைய ஆட்டத்தின் வெற்றியாளர், மற்ற இருவர் புதியவர்கள். பலகையில் ஆறு தலைப்புகளும் தலைப்புக்கு ஐந்து கேள்விகளுமாக முப்பது கட்டங்கள் இருக்கும். முதற்சுற்றில் கேள்வியின் மதிப்பு 200 டாலரிலிருந்து 1,000 டாலர் வரையிலும், இரண்டாம் சுற்றில் அதன் இரு மடங்காகவும் அமையும். சரியாகச் சொன்னால் அந்தத் தொகை கணக்கில் ஏறும். தவறினால் அதே தொகை கழியும். கடைசியில் மூவருக்கும் பொதுவாக ஒரே ஒரு கேள்வி. அதன் தலைப்பை மட்டும் அறிந்த நிலையில், கையிலுள்ள தொகையில் எவ்வளவைப் பணயம் வைப்பது என்று ஒவ்வொருவரும் இரகசியமாக எழுதிவிட வேண்டும். பிறகு முப்பது விநாடிக்குள் விடை எழுத வேண்டும். முடிவில் அதிகத் தொகை வைத்திருப்பவர் அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கும் வருவார். மற்ற இருவரும் வீடு திரும்ப வேண்டியதுதான்.

1984 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டு காலம், ஐந்து நாள் தொடர்ந்து வென்றவர் தோல்வி காணாமலே விலகிக்கொள்ள வேண்டும் என்றொரு வரம்பு இருந்தது. நியூயார்க் போக்குவரத்துக் காவல் அதிகாரியான ஃபிராங்க் ஸ்பாங்கென்பெர்க் 1990-இல் ஐந்தே நாளில் 1,02,597 டாலர் ஈட்டிப் பிரசித்தி பெற்றார். ஆனால் ஆறாம் நாள் அவர் என்ன செய்திருப்பார் என்பதை அறியும் வாய்ப்பு எவருக்கும் கிட்டவில்லை. இந்த வரம்பு கணக்கின் கண்ணையே மறைத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம். ஒரு ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு எண்பது என்று உள்ளவர் ஐந்து நாளும் தொடர்ந்து வெல்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாத்தியம். நூற்றுக்குத் தொண்ணூறு உள்ளவருக்கு அது நூற்றுக்கு 59. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு உள்ளவருக்கு நூற்றுக்கு 90. ஆக, மூவரும் ஐந்து நாள் சாம்பியன்களின் பட்டியலில் அக்கம்பக்கமாக அமர்ந்திருக்கக்கூடும். அவர்களுக்கிடையே உள்ள அகண்ட வித்தியாசத்தை ஐந்து நாள் ஆட்டம் காட்டிக்கொடுக்காது. 2003-இல் வரம்பு நீக்கப்பட்டது. அதன்பின் ஓர் ஆண்டு நிறைவதற்குள்ளேயே அந்த வித்தியாசம் உலகறிய வெளிப்பட்டது.

யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் நகரைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் கென் ஜென்னிங்ஸ், 2004 ஜூன் மாதத்தில் முதல் முறையாகத் திரையில் தோன்றி, அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒளிபரப்பான தமது எழுபத்தைந்தாவது ஆட்டத்தில் தோற்கும் வரை, 74 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார். அந்த வெற்றிகளால் அவர் அடைந்த தொகை 25,20,700 டாலர். மூவருக்கும் சமவாய்ப்பு என்று கொண்டால் இப்படி 74 முறை ஒருவரே வெல்வதற்குள்ள சாத்தியம், இரண்டுக்குப் பின் முப்பத்தைந்து சுழிகள் போட்ட எண்ணில் ஒன்று. ஆகவே இது அதிர்ஷ்டத்தின் காரியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் திறமையின் காரியம் என்று சொல்லி நின்றுவிட்டாலும் விஷயம் விளங்கிவிடவில்லை. பத்துக்கு ஒன்பது ஆட்டங்களை வெல்லக்கூடிய மகா சமர்த்தர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நம் ஊரிலோ அலுவலகத்திலோ அப்படி ஒருவர் இருந்தால் அவரை வெல்லவே முடியாதவர் என்றுதான் நாம் பேசுவோம். ஆயினும் அவர் 74 ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்வது ஏறத்தாழ 2,400-இல் ஒரு பங்குதான் சாத்தியம், சராசரியாக அவர் ஒன்பது வெற்றிகளோடு நின்றுவிடுவார். வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்றால் 44-இல் ஒரு பங்கு. சராசரி பத்தொன்பது வெற்றிகள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்று வந்துவிட்டாலோ, அந்த 74 பாதிக்குச் சற்றுக் குறைவான சாத்தியமாகவும், சராசரி தொண்ணூற்றொன்பது வெற்றிகளாகவும் மாறிவிடுகிறது.

இந்த எண்களின் உட்பொருளை வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். தொண்ணூறுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் இடையே வெற்றியின் பக்கத்தில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கு வளர்ச்சிதான். தோல்வியின் பக்கத்தில் பார்த்தாலோ அது பத்தில் ஒன்றாகக் குறுகியிருக்கிறது. ஒரு தொடரின் நீளத்தை நிர்ணயிப்பது இந்த இரண்டாவது எண்ணே. மழைக்காலத்தில் ஏரிக்கரையைக் காவல் காப்பவன், நிரம்பி நிற்கும் நீரின் அழகைப் பார்த்துக்கொண்டிராமல், கரையிலுள்ள நண்டு வளைகளைத் தேடித் தேடி அடைத்துக்கொண்டு போவதைப் போல, நீண்ட தொடரை நாடுபவரும் தோல்விக்குரிய வழிகளைத்தான் ஒவ்வொன்றாக அடைக்க வேண்டியிருக்கிறது. அந்த வழிகள் யாவை என்பதுதான் இனி நம் ஆராய்ச்சி.

அறிவின்மையைத்தான் முதல் வழியாக எவரும் சொல்வார்கள். ஆனால் அந்த மேடையில் வந்து நிற்கும் மூவருமே தேர்வுகளால் வடிகட்டப்பட்டவர்கள், கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு மூவருக்குமே விடை தெரியும் என்பதை நினைவில் கொண்டால், யாருக்குத் தெரியும் என்பதைவிட யார் முந்துவார் என்பதே பெரும்பாலும் நிர்ணயமாகிறது என்று விளங்கும். முந்துவதற்குரிய கருவி, கையில் பிடித்துக்கொள்ளும் பஸ்ஸர். தலைவர் கேள்வியை வாசித்து முடிக்கும் கணத்தில், பலகைக்கு இருபுறமும் உள்ள விளக்குகளை நிகழ்ச்சிப் பணியாளர் ஒருவர் எரியவிடுவார். அந்தக் கணத்திலிருந்துதான் பஸ்ஸர்கள் உயிர்பெறும். அதற்கு முன்பே அழுத்திவிட்டவருடைய பஸ்ஸர் கால் விநாடி நேரம் செயலற்றுப் போகும். கால் விநாடி என்பது அற்பமாகத் தோன்றலாம். அந்தப் போட்டியில் அது ஒரு யுகம்.

மனித நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று, புகழ்பெற்ற உடலியல் அறிஞர் யோஹான்னஸ் முல்லர் உட்படப் பலரும் நம்பியிருந்த காலத்தில், அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-ஐ ஒட்டித் தவளையின் கால் நரம்பில் சோதனை செய்து, அந்தச் சமிக்ஞை விநாடிக்குச் சுமார் 27 மீட்டர் வேகத்திலேயே செல்கிறது என்று காட்டினார். மனித நரம்புகள் இதைவிட வேகமானவை. எனினும் கண்ணில் பட்ட ஒளி மூளைக்குச் சென்று, அங்கே உணரப்பட்டு, கட்டளையாக மாறி, கைவிரல் தசை வரை வந்து சேர்வதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி பிடிக்கிறது. எவ்வளவு பயின்றாலும் இந்தக் காலத்தை ஓரளவுக்குமேல் குறைக்க இயலாது. ஆகவே விளக்கு எரிவதைப் பார்த்த பிறகு அழுத்துகிற மூவருக்கிடையே பெரிய வித்தியாசம் இருக்க முடியாது; வித்தியாசம் எங்கே பிறக்கிறது என்றால், விளக்கை எதிர்பார்த்து அழுத்துவதில் பிறக்கிறது. தலைவருடைய குரலின் இறக்கத்தையும், கடைசிச் சொல்லின் கடைசி அசையையும், அதன் பிறகு பணியாளரின் விரல் எடுத்துக்கொள்ளும் சிறு தாமதத்தையும் ஒரே தாளமாக உள்ளே வாங்கிக்கொண்டு, விளக்கு எரியும் அதே கணத்தில் தன் விரலும் இறங்குமாறு முன்னமே கட்டளையை அனுப்பிவிடக் கற்றவர், நரம்பின் தாமதத்தையே வென்றவராகிறார். கொஞ்சம் முந்தினால் தண்டனை. கொஞ்சம் பிந்தினால் மற்றவர் எடுத்துக்கொள்வார்.

இந்தத் தாளம் புத்தகத்தால் வராது, அப்பியாசத்தால்தான் வரும். முந்தைய வெற்றியாளருக்கு விதிகள் எந்தச் சலுகையும் கொடுக்கவில்லை; ஆனாலும் மாபெரும் சலுகை ஒன்று அவருக்குத் தானாக வந்து சேர்ந்துவிடுகிறது. ஒரே நாளில் ஐந்து ஆட்டங்கள் பதிவு செய்யப்படுகின்றன. புதிதாக வருகிறவர் காலையில் நடக்கும் சிறு ஒத்திகையைத் தவிர வேறு பழக்கமின்றி மேடையேறுகிறார். அவருக்குப் பக்கத்திலோ அதே தலைவரின் குரலை ஆயிரக்கணக்கான கேள்விகளில் கேட்டுப் பழகிய ஒருவர் நிற்கிறார். ஜென்னிங்ஸ் தமது ஆட்டங்களில் மொத்தமாக 2,700-க்கு மேற்பட்ட சரியான விடைகளைச் சொன்னார் என்றால், ஏறத்தாழ அவ்வளவு முறை அந்தத் தாளத்தை அவர் சரியாகப் பிடித்தார் என்று பொருள். தொடர் நீள நீளத் தோல்வியின் வாய்ப்பு குறைந்துகொண்டே போவதற்கு இதுவும் காரணமாதலால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரே வாய்ப்பு என்று மேலே நாம் போட்ட கணக்கு உண்மையின் ஒரு நிழலே என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸரைப் பற்றிய இன்னொரு சங்கதி மனோதத்துவத்தைச் சேர்ந்தது. எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் மிகவும் பிடித்தது இதுதான். கேள்வி திரையில் எழுத்தாகத் தோன்றுவதால், தலைவர் வாசித்து முடிப்பதற்குள் போட்டியாளர் அதைப் படித்துவிடுவார். ஆனால் பல சமயங்களில் விடை மனத்தில் இன்னும் உருவாகியிராது. விடை தமக்குத் தெரியும் என்ற உணர்வு மட்டும் உருவாகியிருக்கும். அழுத்திய பின் விடை சொல்ல ஐந்து விநாடி அவகாசம் உண்டாதலால், அந்த உணர்வை நம்பி முதலில் அழுத்தி, பிறகு விடையைத் தேடி எடுப்பதே அநுபவசாலிகளின் வழக்கம். இப்படி ஓர் உணர்வு உண்டென்றும் அது பெரும்பாலும் நம்பத்தக்கதே என்றும் 1965-இல் ஹார்ட் என்ற ஆய்வாளர் சோதனைகளால் காட்டினார். பிற்பாடு லின் ரீடர் என்ற அறிஞர், வினாவிடைப் போட்டியையே மாதிரியாக வைத்து நடத்திய சோதனைகளில், விடையைச் சொல்லும்படி கேட்கப்பட்டவர்களைவிட, விடை சொல்ல முடியுமா என்று மட்டும் கேட்கப்பட்டவர்கள் விரைவாகப் பதிலளித்தார்கள் என்று கண்டார். விடையைக் கண்டெடுத்த பிறகுதான் தெரியும் என்று சொல்கிறோம் என்றால் இந்த விரைவு கைகூடாது. ஆகவே தெரியும் என்ற தீர்மானம், கேள்வியின் சொற்கள் எவ்வளவு பழக்கப்பட்டவை என்பதை மனம் மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்து முன்கூட்டியே செய்கிற வேறொரு காரியம் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. பெரிய சாம்பியன்களின் திறமை, எவ்வளவு தெரியும் என்பதோடு, தமக்குத் தெரியும் என்பது எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதிலும் அடங்கியிருக்கிறது. அந்தத் துல்லியம் இல்லாதவர் துணிந்தாலும் இழப்பார், தயங்கினாலும் இழப்பார்.

ஞாபகத்தைச் சேகரிக்கும் வழிகளைப் பற்றி விரிக்கப் புகுந்தால் அது தனி நூலாகிவிடும். 1885-இல் எப்பிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கி மறதியின் வேகத்தை அளந்து எழுதியதும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பதே நிலைக்கும் என்று அதன் வழியே பிறந்த முடிவும் பலரும் அறிந்தவை. ரோஜர் கிரெய்க் என்ற கணினி விஞ்ஞானி, பழைய ஆட்டங்களின் கேள்விகளையெல்லாம் திரட்டி, எந்தெந்தத் துறைகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன, எவை அதிக மதிப்புள்ள கட்டங்களில் வருகின்றன என்று கணினியால் வகைப்படுத்தி, அதற்கேற்ப இந்த முறையில் படித்து, 2010-இல் ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர் ஈட்டினார். அது அப்போதைய சாதனை.

இனி, தோல்வி நுழையும் வழிகளில் மிகவும் விசாலமானதற்கு வருவோம். அது கடைசிக் கேள்வி. அங்கே பஸ்ஸர் இல்லை, வேகம் இல்லை, முன்னனுபவத்தின் பலன் மிகக் குறைவு. ஒரே ஒரு கேள்வி, அது தெரிந்ததாகவும் இருக்கலாம், தெரியாததாகவும் இருக்கலாம். எவ்வளவு பெரிய படிப்பாளியும் இங்கே அடிக்கடி தவறக்கூடும். ஆகவே இந்த வழியை அடைப்பதற்கு உள்ள ஒரே உபாயம், கடைசிக் கேள்வி வருவதற்கு முன்பே இரண்டாமவருடைய தொகையின் இரு மடங்குக்கு மேல் தன் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. அப்போது எதிரி தம்மிடமுள்ள அனைத்தையும் பணயம் வைத்து வென்றாலும் எட்ட முடியாது. ஜென்னிங்ஸ் தமது 75 ஆட்டங்களில் 65-இல் இந்த நிலையில்தான் கடைசிக் கேள்வியை எதிர்கொண்டார். அவருடைய சரித்திரத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் எண் 74 அன்று, இந்த 65-தான்.

இதைக் கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாதுகாப்பில்லாத நிலை 75-இல் 10 முறை வருகிறது என்று கொள்வோம். அந்த நிலையில் முன்னணியில் இருப்பவர் கடைசிக் கேள்வியை மூன்றில் ஒரு முறை தவறவிடுவார் என்றும், அவர் தவறவிடும்போது எதிரி பாதி முறையாவது சரியாகச் சொல்வார் என்றும், விளக்கத்துக்காக மட்டும், வைத்துக்கொள்வோம். இம்மூன்றும் ஒருசேர நிகழ்ந்தால்தான் தோல்வி. அப்படி நிகழ்வதற்குள்ள வாய்ப்பு மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும்: 45-இல் ஒரு பங்கு. இத்தகையவர் சராசரியாக 44 ஆட்டங்கள் வெல்வார். 74 ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்வது அவருக்கு ஐந்தில் ஒரு பங்கு சாத்தியம். அற்புதம் என்று மலைக்கத் தோன்றிய ஒன்று, வழிகளைப் பிரித்து எண்ணியதும், அரிதானதாக ஆனாலும் அறிவுக்கு எட்டக்கூடியதாக ஆகிவிடுகிறது. அவருடைய சிறப்பு இதனால் குறைந்துவிடவில்லை; எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டத்தக்கதாகிறது, அவ்வளவுதான்.

எழுபத்தைந்தாவது ஆட்டம் இந்தக் கணக்குக்கு உரை எழுதியது போலவே நடந்தது. பலகையில் மறைந்திருக்கும் 'டெய்லி டபிள்' என்னும் கட்டங்களைத் தேர்ந்தவர், தம் தொகையில் விரும்பியதைப் பணயம் வைக்கலாம். முதற்சுற்றில் அத்தகைய கட்டம் ஒன்று, இரண்டாம் சுற்றில் இரண்டு. அன்று இரண்டாம் சுற்றின் இரு கட்டங்களும் ஜென்னிங்ஸுக்கே கிடைத்தன. இரண்டிலும் தவறி 5,400-உம் 4,800-உமாக 10,200 டாலர் இழந்தார். அப்படியும் 14,400 டாலருடன் அவரே முன்னணியில் இருந்தார். ஆனால் கலிபோர்னியாவைச் சேர்ந்த நான்சி ஸெர்க்கின் கையில் 10,000 டாலர் இருந்தது. இரு மடங்கு என்ற அரண் இல்லை. எதிரி இரட்டிப்பாக்கினால் 20,000. அதை ஒரு டாலரால் மிஞ்ச 5,601 பணயம் வைக்க வேண்டும். ஜென்னிங்ஸ் அதையே வைத்தார். ஸெர்க் 4,401 வைத்தார். சரியாகச் சொன்னால் 14,401, அதாவது ஜென்னிங்ஸின் இருப்பைவிட ஒரு டாலர் அதிகம். இரண்டுமே குற்றமற்ற கணக்குகள். ஆண்டில் நான்கு மாதம் மட்டும் எழுபதாயிரம் பணியாளர்கள் வேலை செய்யும் நிறுவனம் எது என்பது போன்ற கேள்வி; வருமான வரிப் படிவம் நிரப்பிக்கொடுக்கும் எச்&ஆர் பிளாக் என்பது விடை. ஜென்னிங்ஸ் ஃபெடெக்ஸ் என்று எழுதினார். ஸெர்க் சரியாக எழுதினார். அவரே அடுத்த ஆட்டத்தில் 2 டாலரோடு மூன்றாம் இடத்துக்கு வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நாளின் வெற்றி ஒருவரது திறமையைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பது விளங்கும்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2019-இல், லாஸ் வேகாஸைச் சேர்ந்தவரும் விளையாட்டுப் பந்தயங்களையே தொழிலாகக் கொண்டவருமான ஜேம்ஸ் ஹோல்ட்ஸ்ஹவர் வேறொரு பாதையில் அதே அரணைக் கட்டினார். அதுவரை பெரும்பாலோர் பலகையின் மேலிருந்து, குறைந்த மதிப்புள்ள கேள்வியிலிருந்து, படிப்படியாக இறங்குவார்கள். இவரோ அடிவரிசையிலிருந்து தொடங்கினார். அதில் இரட்டை லாபம்: தொகை விரைவில் சேரும்; டெய்லி டபிள் கட்டங்களும் பெரும்பாலும் கீழ்வரிசைகளிலேயே மறைந்திருப்பதால் அவையும் சீக்கிரம் அகப்படும். அகப்பட்டவுடன் பெரும்பாலும் கையில் உள்ள அனைத்தையும், அல்லது பெரும் பகுதியை, பணயம் வைத்துவிடுவார். இது மூர்க்கத்தனம் என்று பார்த்தவர்களுக்குத் தோன்றியது. ஆனால் பெல் ஆய்வகத்து ஜான் கெல்லி 1956-இல் வகுத்த விதியின்படி, சமபணயத்தில் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு உள்ளவர் தம் கைப்பொருளில் நூற்றுக்கு எண்பதைப் பணயம் வைப்பதே நெடுங்காலத்தில் செல்வத்தை வேகமாக வளர்க்கும். அதோடு, ஆட்டத்தின் ஆரம்பத்தில் முழுவதையும் இழந்தாலும் பலகையில் இன்னும் ஏராளம் மிச்சம் இருக்கிறது. வென்றாலோ எதிரிகள் எட்ட முடியாத தூரம் உண்டாகிவிடுகிறது. ஆகவே அவர் மேற்கொண்ட அபாயம், கடைசிக் கேள்வி என்னும் பெரிய அபாயத்தை விலைக்கு வாங்கி ஒழிப்பதற்காகக் கொடுத்த சிறிய விலையே. 32 வெற்றிகளில் 24,62,216 டாலர். ஆட்டத்துக்குச் சராசரி ஏறத்தாழ 77,000. ஜென்னிங்ஸின் சராசரி 34,000-ஐ ஒட்டியது. ஒரே ஆட்டத்தில் ஹோல்ட்ஸ்ஹவர் ஈட்டிய 1,31,127 டாலர், கிரெய்க்கின் பழைய சாதனையை வெகுதூரம் பின்தள்ளிவிட்டது.

அவரை வென்றவர் எம்மா பெட்சர் என்ற சிகாகோ பல்கலைக்கழக நூலகர். இவர் தம் முதுநிலைப் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, இந்த நிகழ்ச்சியின் கேள்விகளுடைய சொல்லமைப்பைக் கொண்டே அவை எவ்வளவு கடினமானவை என்று கணினி முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதுதான் என்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. அன்று கடைசிக் கேள்விக்கு முன் பெட்சரிடம் 26,600, ஹோல்ட்ஸ்ஹவரிடம் 23,400, மூன்றாமவரிடம் 11,000 டாலர். ஹோல்ட்ஸ்ஹவர் வைத்த பணயம் வெறும் 1,399. பெரும்பணயத்துக்குப் பேர்போனவர் இவ்வளவு குறைவாக வைத்ததால், அவர் வேண்டுமென்றே தோற்றுவிட்டார் என்று சிலர் பேசினார்கள். அது முற்றிலும் தவறான பேச்சு. முன்னணியில் உள்ளவர் அவரை மிஞ்சும்படி பெருந்தொகை வைப்பார் என்பது நிச்சயம். அவர் சரியாகச் சொல்லிவிட்டால் இவர் என்ன வைத்தும் பயனில்லை. அவர் தவறினால் தாமாகவே வெகுவாகக் கீழே இறங்கிவிடுவார். அந்த நிலையில் கவலைப்பட வேண்டியவர் மூன்றாமவர் ஒருவரே. அவர் இரட்டிப்பாக்கினால் 22,000. 23,400-இலிருந்து 1,399-ஐக் கழித்துப் பாருங்கள்: 22,001. தாம் தவறினாலும் மூன்றாமவரால் எட்ட முடியாத எல்லை வரை வைத்து, ஒரு டாலரும் மேலே போகாமல் நின்றிருக்கிறார். பெட்சர் 20,201 வைத்து, நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவைப் பற்றிய கேள்விக்குச் சரியாக விடையெழுதி, 46,801 டாலருடன் வென்றார். ஹோல்ட்ஸ்ஹவரின் விடையும் சரிதான். அடைக்கக்கூடிய வழிகளையெல்லாம் அடைத்த பிறகு எஞ்சிய வழியாக வந்த தோல்வி அது.

இயந்திரம் மேடையேறிய 2011-ஆம் ஆண்டு ஆட்டத்தையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன், ஜென்னிங்ஸையும் மற்றொரு சாம்பியனான பிராட் ரட்டரையும் எதிர்த்து, இரு ஆட்டங்களின் மொத்தத்தில் 77,147 டாலர் பெற்றது. ஜென்னிங்ஸுக்கு 24,000, ரட்டருக்கு 21,600. இயந்திரம் பஸ்ஸரை அழுத்தும் சமிக்ஞையை மின்னோட்டமாகவே பெற்றது. மனித நரம்பின் தாமதம் அதற்குக் கிடையாது. விடை உறுதியாகத் தெரிந்தபோதெல்லாம் அது பெரும்பாலும் முந்திக்கொண்டதற்கு இதுவே காரணம். ஆனால் அதன் நிதானம் வேறிடத்தில் வெளிப்பட்டது. அமெரிக்க நகரங்களைப் பற்றிய கடைசிக் கேள்விக்குக் கனடாவிலுள்ள டொராண்டோ என்று அது எழுதியபோது பலரும் சிரித்தார்கள். அந்த விடைமீது அது வைத்த பணயம் 947 டாலர் மட்டுமே என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. தன் அறியாமையின் அளவை அது அறிந்திருந்தது.

2021 கோடையிலிருந்து ஓர் ஆண்டுக்குள் நீண்ட தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன: மேட் அமோடியோ 38, ஏமி ஷ்னைடர் 40, மத்தேயா ரோச் 23. கேள்விகள் எளிதாகிவிட்டனவா, ஆட்டக்காரர்களின் ஜாதியே மாறிவிட்டதா என்று விவாதங்கள் எழுந்தன. படிக்கும் முறைகளும் பணய யுக்திகளும் பரவியிருப்பது மெய். ஆனால் அரிய சம்பவங்கள், தற்செயலாக நிகழும்போதும், சீரான இடைவெளி விட்டு வருவதில்லை, சேர்ந்து சேர்ந்தே வரும் என்பதை இயற்பியலாளரும் காப்பீட்டுக் கணக்கரும் நெடுநாளாக அறிவார்கள். ஓராண்டில் நூற்றுக்கணக்கான புதியவர்கள் வருகிற மேடையில், தோல்வியின் வாய்ப்பை இருபதில் ஒன்றுக்குக் கீழே கொண்டுவரக்கூடிய இருவரோ மூவரோ அடுத்தடுத்து வந்துவிடுவதற்கு விசேஷ காரணம் எதுவும் வேண்டியதில்லை.

ஷ்னைடரின் தொடர் முடிந்த விதமும் நாம் மேலே கண்ட அச்சிலேயே இருந்தது. 2022 ஜனவரியில் அவர் கடைசிக் கேள்விக்கு 27,600 டாலருடன் வந்தார். எதிரே நின்ற சிகாகோ நூலகர் ஒருவரிடம் 17,600. பாதுகாப்பில்லாத முன்னணி. மக்கள்தொகையில் முதல் பத்தில் உள்ள நாடுகளில் ஆங்கிலப் பெயர் 'எச்' எழுத்தில் முடிவது எது என்ற கேள்விக்கு வங்காளதேசம் என்பது விடை. ஷ்னைடருக்கு அது தோன்றவில்லை, நூலகருக்குத் தோன்றியது. மூன்றும் ஒருசேர நிகழ்ந்தன, நாற்பதோடு தொடர் நின்றது. அதே ஆண்டு நவம்பரில் சாம்பியன்களுக்கென்று தனியாக நடந்த போட்டியில் எல்லோரையும் வென்றவர் ஷ்னைடரே.